ஆலோசனைக் குழுக்கள் மலையடிவாரத்துக்கு வரவேண்டும்

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ச் சாலையில் சிறிது தூரம் சென்றால் உலகனேரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. அதே மாட்டுத்தாவணியிலிருந்து அண்ணா நகர் பக்கம் திரும்பினால் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பூச்சந்தைக்கும் பேருந்துக்கும் வந்துபோகும் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு இவ்விரண்டும் தனித்தனிக் காரியங்களுக்கான இடங்கள்தாம். வழக்குள்ளவர் ஒன்றுக்குப் போகிறார், கண்ணில் புரை விழுந்தவர் மற்றொன்றுக்குப் போகிறார். ஆயினும், எல்லைகளைக் கடந்து நடைபெறும் விஞ்ஞான ஆராய்ச்சியின் கொள்கையை உண்மையில் வகுப்பவர்கள் யார், மந்திரிகளா, சட்டசபைகளா, அல்லது மூடிய அறையில் கூடிக் கலையும் ஆலோசனைக் குழுக்களா என்ற கேள்விக்கு, நமது காலத்தில் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான இரண்டு சாட்சியங்கள் இவ்விரண்டு இடங்களோடும் சம்பந்தப்பட்டவை என்பது என் அபிப்பிராயம்.

ஆலோசனைக் குழு சட்டம் இயற்றுவதில்லை, உத்தரவு பிறப்பிப்பதுமில்லை, சிபாரிசு செய்கிறது, அவ்வளவே. ஆனால் விஷயம் பாமரர்க்கு எட்டாத அளவுக்கு நுட்பமானதாக இருக்குமானால், சிபாரிசைப் பெற்றுக்கொள்ளும் அமைச்சருக்கு அதை மறுக்கும் அறிவும் இருப்பதில்லை, மறுத்து ஏற்படும் விளைவுக்குப் பொறுப்பேற்கும் துணிவும் இருப்பதில்லையாதலால், சிபாரிசே நாளடைவில் தீர்மானமாகிவிடுகிறது. நமது தேசத்தில் இது நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று. 1943-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ஏ. வி. ஹில் என்ற நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர் வந்து சில மாதங்கள் சுற்றிப் பார்த்து, இந்திய விஞ்ஞான ஆராய்ச்சி எவ்வாறு அமையவேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதற்கு அடுத்த ஆண்டுகளில் நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் அமைந்த குழு, தேசத்தின் நான்கு திசைகளிலும் உயர்தரத் தொழில்நுட்பக் கழகங்கள் வேண்டுமென்று சொன்னதன் பயனாகவே, மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் சென்னையில் ஐ.ஐ.டி. தோன்றியது. 1956-இல் மத்திய அமைச்சரவைக்கென்றே ஹோமி பாபாவின் தலைமையில் ஒரு விஞ்ஞான ஆலோசனைக் குழு ஏற்பட்டது. இவர்கள் சொன்னவற்றுள் அநேகம் நன்மையாகவே முடிந்தன. அக்காலத்தில் யாரும் குழுவின் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் நேரவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் மனமுவந்து அளித்தார்; 1953-இல் நிலையம் திறக்கப்பட்டபோது சுற்றுவட்டாரம் முழுவதும் அதைத் தன் ஊர்ப் பெருமையாகவே எண்ணியது. விஞ்ஞானம் ஊருக்கு வருவதென்றால் அன்று கொடுக்கப்பட்ட வரவேற்பு அது.

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்துக்கு விஞ்ஞானம் வந்த வரலாறு வேறு விதமானது. அதைச் சொல்வதற்கு முன், அந்த விஞ்ஞானத்தின் பழைய கீர்த்தியைச் சொல்லிவிடுவது நியாயம்.

கோலார் தங்க வயலின் ஆழத்தில், நிலமட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் ஒன்றுகூடி நடத்திய சோதனையில், வளிமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்துக்கொண்டு வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் சுவடு 1965-இல் பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது பதிவாயிற்று. உலகத்தில் இவ்விரண்டு இடங்களே முதலிடம் பெற்றவை. மூன்று தேசத்து அறிஞர்கள், ஒரே சுரங்கம், எளிய கருவிகள், அழியாத புகழ். அச்சுரங்கத்தில் ஆராய்ச்சி நின்றுபோன பிறகு இந்தியாவுக்கென்று ஆழ்நிலத்து ஆய்வகம் இல்லாமற்போயிற்று. அக்குறையைத் தீர்க்கவேண்டுமென்று 2002-ஆம் ஆண்டில் ஏழு ஆராய்ச்சி நிலையங்கள் உடன்படிக்கை செய்துகொண்டு தொடங்கிய முயற்சியே இந்திய நியூட்ரினோ ஆய்வகம். மலையொன்றினுள் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதை குடைந்து, தலைக்குமேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான பாறை கவிந்திருக்கும் குகையில், 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுவுவது அதன் நோக்கம். மத்திய அரசின் விஞ்ஞான ஆலோசகர்கள் அதைப் பரிசீலித்து ஏற்றார்கள். தேசத்தின் பெரும் விஞ்ஞானத் திட்டங்களின் வரிசையில் அதற்கு இடம் கிடைத்தது. அந்த ஏற்பில் பிழையிருந்ததாக நான் கருதவில்லை. பௌதிக சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்த்தால் அது மிகச் சிறந்த திட்டம், இன்றும் அப்படித்தான்.

பிழை அதற்குப் பின்னால் நேர்ந்தது. முதலில் தெரிந்தெடுத்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அருகில் இருப்பதால் அங்கே கூடாதென்று 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பிறகு சுருளியாற்றுப் பக்கம் யோசிக்கப்பட்டு, கடைசியில் மதுரைக்கு மேற்கே சுமார் 110 கிலோமீட்டரில், பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலை முடிவாயிற்று. 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில், ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்ச் செலவில் திட்டத்தை நிறைவேற்ற மத்திய அமைச்சரவை சம்மதித்த செய்தி வெளியாயிற்று. அதற்கு இரண்டே மாதங்களுக்குப் பின், மார்ச்சில், அரசியல் தலைவர் வைகோ தொடுத்த வழக்கில், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறாமல் வேலையைத் தொடங்கலாகாதென்று உலகனேரியில் இருக்கும் நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அன்று நின்ற வேலை இன்றுவரை தொடங்கவில்லை.

இவ்வளவு பெரிய ஆலோசனையமைப்பு இருந்தும் காரியம் ஏன் இப்படி முடிந்தது? பலரும் அரசியலைக் குறை கூறுவார்கள். அரசியல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய காரணம் ஒன்று காகிதங்களிலேயே கிடக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, திட்டங்களைப் பல இனங்களாகப் பிரிக்கிறது. சுரங்கம் ஓர் இனம், அணைக்கட்டு ஓர் இனம், அனல்மின் நிலையம் ஓர் இனம். அவற்றுள் எட்டாவதாக வருவது கட்டிடங்களும் கட்டுமானங்களும். அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு, வணிக வளாகம் போன்றவை. நகரத்துக்குள் எழும்பும் கட்டிடத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு அவசியமில்லையென்று அந்த எட்டாம் இனத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. மலையின் வயிற்றில் வெடிவைத்து, இலட்சக்கணக்கான டன் பாறையை வெளிக்கொணர்ந்து, அங்கே உலகப் பிரசித்தமான ஆய்வகம் ஒன்றை எழுப்பும் திட்டம் இந்தக் கட்டிட இனத்தில்தான் சேர்க்கப்பட்டது. ஆழ்நில ஆய்வகம் என்று ஓர் இனம் அறிவிக்கையில் இல்லை, ஆதலால் அருகிலிருந்த பெட்டியில் போட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். சட்டப்படி அது செல்லுபடியாகவும் கூடும். ஆனால் அந்த ஒரு வகைப்பாட்டினால், ஆட்டுக்கிடை போடுகிறவரும், மானாவாரி நிலத்தில் விதைக்கிறவரும், தம் ஊர் மலையைப் பற்றிக் குழுவின் முன் நின்று பேசும் சட்ட உரிமை இல்லாதவர்களாக ஆகிவிட்டார்கள். எந்த நிபுணரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்ததாக நான் சொல்லவில்லை. அறையில் இருந்த எவருக்கும் அது ஒரு பிரச்சினையாகவே தோன்றாமல் போனதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அடுத்தது எல்லை. பொட்டிப்புரத்துக்கு மேற்கே, ஐந்து கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்தில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. மாநில எல்லையும் பாதுகாக்கப்பட்ட காடும் இவ்வளவு அருகில் இருக்குமானால், திட்டம் மேல்நிலை வகையைச் சேர்ந்ததாகி, மத்திய நிபுணர் குழுவின் முழுப் பரிசீலனைக்கு உட்படவேண்டும். 2011-இல் அது அவ்வாறு நடத்தப்படவில்லை. இக்குறையோடு, மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்த கோவை சாலிம் அலி பறவையியல் மையத்துக்கு அத்தகைய அறிக்கை தயாரிக்க உரிய அங்கீகாரம் இல்லை என்பதும் சேர்ந்து, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2011-ஆம் ஆண்டின் அனுமதியை நிறுத்திவைத்தது. காட்டையும் பறவையையும் அறிந்த ஒரு புகழ்பெற்ற நிலையம், பாறையியலையும் நீரோட்டத்தையும் கூடச் சேர்த்து மதிப்பிடும்படி நியமிக்கப்பட்டது அந்நிலையத்துக்கும் நியாயமன்று, திட்டத்துக்கும் நியாயமன்று. பின்னர் மாநில மதிப்பீட்டு அமைப்பு இது மத்திய அரசின் பொறுப்பென்று ஒதுங்கிக்கொள்ள, மத்திய நிபுணர் குழு விசேஷ நேர்வாக எடுத்துக்கொண்டு சிபாரிசு செய்ய, 2018 மார்ச்சில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. இந்த இரண்டாம் முறையிலும் கருத்துக் கேட்பு நடத்தப்படவில்லை. முதல் முறையில் நேர்ந்ததைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இத்தனை வழக்குக்கும் கிளர்ச்சிக்கும் பிறகும் அதே வாசலை அடைத்தே வைத்திருந்ததை அப்படி விட்டுவிட முடியாது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ஏற்றுக்கொண்டபோதிலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் இசைவையும் பெறவேண்டுமென்று நிபந்தனை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழியில் இத்திட்டத்துக்கு அனுமதி தர இயலாதென்று உச்ச நீதிமன்றத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டது.

இந்த வரலாற்றைக் கூர்ந்து பார்ப்பவர்க்கு ஒன்று புலனாகும். பௌதிக அறிஞர்களின் குழு பௌதிகத்தைப் பார்த்தது. சுற்றுச்சூழல் குழு வகைப்பாட்டைப் பார்த்தது. வனவிலங்கு வாரியம் புலியைப் பார்க்கவேண்டியிருந்தது. மாசு வாரியம் தூசியையும் கழிவையும் பார்க்கவேண்டியிருந்தது. முழு மலையையும், அதன் அடிவாரத்து மனிதர்களையும், அங்கிருந்து இறங்கும் தண்ணீரையும் ஒருசேரப் பார்க்கும் கடமை எந்தக் குழுவுக்கும் விதிக்கப்படவில்லை. போடிப் பக்கத்து மேற்கு மலைகளில் பெய்யும் மழை கொட்டக்குடி ஆறாக இறங்கி வைகையில் சேர்கிறது. வைகை அணையின் நீரைத்தான் மதுரை குடிக்கிறது, சிவகங்கையும் இராமநாதபுரமும் எதிர்பார்த்திருக்கின்றன. அம்மலையின் பாறைப் பிளவுகளில் நீர் எவ்வாறு ஓடுகிறதென்பது ஐந்து மாவட்டத்துக் கேள்வி. அதைக் கேட்டவர்கள் குழுவில் இருந்த நிபுணர்கள் அல்லர், குழுவுக்கு வெளியே நின்றவர்கள்.

கிளர்ச்சியின் பக்கத்திலும் குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நியூட்ரினோ உடம்பில் பாய்ந்தால் நோய் வரும், மலையினுள் அணுக்கழிவைப் புதைக்கப்போகிறார்கள் என்றெல்லாம் ஊர் ஊராகப் பேச்சுப் பரவியது. சூரியனிலிருந்து பிறக்கும் நியூட்ரினோக்கள் கோடானுகோடியாக ஒவ்வொரு நொடியும் நம் ஒவ்வொருவரின் உடம்பையும் ஊடுருவிச் செல்கின்றன; நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. அந்த ஆய்வகம் கதிர்வீச்சை உண்டாக்கும் இடமன்று, இயற்கையில் வருவதைக் கவனிக்கும் இடம். விஞ்ஞானிகள் கிராமங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சென்று இதை விளக்கத்தான் செய்தார்கள். ஆயினும், இடம் முடிவான பிறகு, பணம் ஒதுக்கப்பட்ட பிறகு, வேலி கட்டத் தொடங்கிய பிறகு வந்து விளக்குகிறவரின் வார்த்தையில் ஜனங்கள் நம்பிக்கை வைப்பது கடினம். முன்னதாகக் கேட்டிருந்தால் தண்ணீரைப் பற்றியும் மேய்ச்சல் வழியைப் பற்றியும் வெடியதிர்வைப் பற்றியும் நியாயமான கேள்விகள் எழுந்திருக்கும்; பதிலும் கிடைத்திருக்கும். கேட்காமல் விட்டதால் அந்த வெற்றிடத்தைப் பீதி நிரப்பியது.

நஷ்டம் கற்பனையன்று. சீன தேசத்தின் தென்கரையில் ஜியாங்மென் என்னுமிடத்தில், 20,000 டன் திரவத்தைக் கொண்ட நியூட்ரினோ ஆய்வகம், நமது திட்டத்துக்கு அமைச்சரவை சம்மதம் கிடைத்த அதே 2015-இல் கட்டத் தொடங்கப்பெற்று, 2025-இல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அதுவும் பல தேசத்தார் கூடிச் செய்வது. அமெரிக்காவின் நியூட்ரினோ ஆராய்ச்சியில் பங்குகொள்ள இந்தியா 2018 ஏப்ரலில் உடன்படிக்கை செய்துகொண்டது. நம் இளைஞர்களின் உழைப்பு இப்போது அங்கே பயன்படுகிறது. அது நல்லதுதான். ஆனால் 1965-இல் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் நமது சுரங்கத்தைத் தேடி வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கையில் மனம் சமாதானமடைவதில்லை. இங்கேயோ, மதுரைக்கு மேற்கே வடபழஞ்சியில் 85 டன் எடையில் ஒரு மாதிரிக் கருவி மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது. 50,000 டன் கருவிக்கு அது முன்னோட்டமாக அமைந்தது.

இத்தகைய தோல்வி நமக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலையின் கீழ் உலகத்தின் மிகப் பெரிய ஆழ்நில ஆய்வகங்களுள் ஒன்று இருக்கிறது. அம்மலையே சுற்றுப்புறத்து ஊர்களுக்குக் குடிநீர் தருவது. 2002 ஆகஸ்டில் ஒரு சோதனைக் கருவியிலிருந்து சிறிதளவு ரசாயனத் திரவம் கசிந்தது. கசிந்தது சொற்பம், ஆனால் மறு ஆண்டு நீதித்துறை ஆய்வகத்தின் ஒரு பகுதியைப் பூட்டி முத்திரையிட்டது, சோதனைகள் தடைப்பட்டன. சோதனைகளைத் தெரிந்தெடுத்த சர்வதேச விஞ்ஞானக் குழுவில் உலகத்தின் தலைசிறந்த மூளைகள் இருந்தன. குடிநீரின் பாதுகாப்பு அவர்களுடைய வேலையாக வகுக்கப்படவில்லை.

ஹவாய்த் தீவின் மௌனா கீ மலையின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அங்கே எழவிருந்த முப்பது மீட்டர்த் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்குதாரர். 2014-இல் நமது மத்திய அமைச்சரவை அதற்குச் சம்மதம் தந்தது. அம்மலையைப் புனிதமாகக் கருதும் பூர்வகுடிகள் 2015-இல் பாதையை மறித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அம்மாநிலத்து உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்தது. மறுபடி அனுமதி கிடைத்து 2019-இல் வேலை தொடங்கவிருந்தபோது மறுபடியும் மறியல் நடந்தது. ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்ட பிறகு, 2022-இல் ஹவாய்ச் சட்டசபை ஒரு காரியம் செய்தது. மலையின் நிர்வாகத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்து படிப்படியாக எடுத்து, பதினோரு பேர் கொண்ட புதிய அதிகார சபையிடம் ஒப்படைக்கச் சட்டம் இயற்றியது. அச்சபையில் வானவியலுக்கும் இடமுண்டு, பூர்வகுடிகளின் பண்பாட்டை அறிந்தவர்களுக்கும் இடமுண்டு, அவர்களுக்கு வாக்கும் உண்டு. தொலைநோக்கி எழுமா என்பது வேறு விஷயம். யார் குழுவில் உட்காரவேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பதிலைக் கண்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டு உதாரணம் நமக்கு ஒத்துவராதென்பார்க்கு, மதுரைக்காரர்கள் நன்றாக அறிந்த உள்நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. முல்லைப் பெரியாறு அணையின் பலத்தைப் பற்றித் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் தீராத வழக்கு நடந்தபோது, உச்ச நீதிமன்றம் 2010-இல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையில் ஓர் உயர்அதிகாரக் குழுவை அமைத்தது. இரு மாநிலங்களும் தத்தம் தரப்பில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் குழுவுக்கு அனுப்பின. பொறியியல் நிபுணர்களும் இருந்தார்கள். அவர்கள் அணைக்கு நேரில் சென்றார்கள். சோதனைகள் நடத்தச் செய்தார்கள். இரு தரப்பின் ஆட்சேபங்களையும் எழுத்தில் வாங்கினார்கள். 2012-இல் அறிக்கை தந்தார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாமென்று தீர்ப்பளித்தது. கேரளத்தின் மனக்குறை அதனால் தீர்ந்துவிடவில்லை; புதிய அணை வேண்டுமென்ற கோரிக்கை இன்றும் இருக்கிறது. எனினும், தமது கட்சியைக் குழுவின் முன் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை என்று இரு தரப்பில் எவரும் சொல்ல இயலாது. அதே இடுக்கி எல்லையில், அதே மலைத்தொடரில், ஆய்வகத்துக்கென்று இப்படியொரு குழு இரு மாநிலத்தாரையும் சேர்த்து அமைக்கப்படவே இல்லை.

இனி அண்ணா நகர்ச் சாட்சியத்துக்கு வருகிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அக்காலத்தில் ஏழை நாடுகளின் பார்வையிழப்பைப் பற்றி ஆலோசனை கூறிய சர்வதேச நிபுணர்களில் பெரும்பாலோர், கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை பணக்கார தேசத்துக்கு உரியது, இந்தியக் கிராமவாசிக்குப் புரையை அகற்றித் தடித்த கண்ணாடி கொடுத்தால் போதும் என்ற கொள்கையினராக இருந்தார்கள். இறக்குமதி வில்லையின் விலை நூறு டாலருக்கும் அதிகமாக இருந்த நாளில் அந்த ஆலோசனை கணக்குக்குப் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அந்தத் தடித்த கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவைச் சிகிச்சை பெற்ற மனிதர் மீண்டும் குருடராகிவிடுகிறார் என்பதை மதுரை வட்டாரத்து முகாம்களில் தினந்தோறும் கண்டவர்கள் அந்த ஆலோசனையை ஏற்கவில்லை. அமெரிக்க நண்பர்களின் துணையோடு தொழில்நுட்பத்தைத் தருவித்து, 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி, சுமார் பத்து டாலருக்கு வில்லை செய்து, காலக்கிரமத்தில் அதனினும் குறைத்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் இது ஒரு தர்ம காரியத்தின் வரலாறாகவே இருந்திருக்கும். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அமெரிக்க அறிஞர்களும் பங்குகொள்ள, இரு கண்ணிலும் புரையால் பார்வை குன்றிய 3,400 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வில்லை பொருத்தியும் மற்றவர்க்குப் பழைய முறைப்படி கண்ணாடி கொடுத்தும் ஒப்பிட்டுச் சோதித்து, 1998-இல் முடிவுகளைக் கண் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். மதுரையின் பெயராலேயே அந்த ஆராய்ச்சி உலகமெங்கும் அறியப்படுகிறது. வில்லை பாதுகாப்பானது, பார்வையும் வாழ்க்கையும் அதனால் மேம்படுகின்றன என்பது ஐயமறத் தெரிந்த பிறகு, உலக ஆலோசனையின் திசை மாறிற்று. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லை போகிறது. ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் கூடிய குழுக்களின் அபிப்பிராயத்தை மதுரையின் பிரத்தியட்ச அனுபவம் திருத்திய வரலாறு இது. அப்படித் திருத்தப்பட்டதால் அக்குழுக்களுக்குக் கௌரவக் குறைவு ஒன்றும் ஏற்படவில்லை, கோடிக்கணக்கான மனிதர்களுக்குப் பார்வை ஏற்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், நிபுணர்களின் ஆலோசனையே வேண்டாமென்று சொல்லும் கட்சியில் நான் சேரமாட்டேன். நியூட்ரினோவைப் பற்றி நிபுணர்கள் சொன்னது சரி. கிளர்ச்சியின்போது ஊர் ஊராகப் பேசப்பட்டது தவறு. வில்லையைப் பற்றி ஆலோசகர்கள் சொன்னது தவறு. ஊரில் வேலை செய்த வைத்தியர்கள் சொன்னது சரி. எந்தத் தரப்புக்கும் உண்மை குலதனமாக எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் வில்லையின் விஷயத்தில் ஊர் அனுபவம் குழுவின் காதுக்கு எட்டுவதற்கு ஒரு வழி இருந்தது. வெங்கடசாமி டாக்டர், அவர்களுடைய பாஷையில் பேசவும் அவர்களுடைய பத்திரிகையில் எழுதவும் தெரிந்தவர். பொட்டிப்புரத்து ஆடு மேய்ப்பவருக்கு அந்த வழி இல்லை. அவருக்குக் கிடைத்த ஒரே வழி நீதிமன்றம். நீதிமன்றத்தில் வெல்லலாம், தோற்கலாம், ஒன்றாக உட்கார்ந்து யோசிக்க முடியாது.

ஆகையால் வழியைச் சட்டமே அமைக்கவேண்டும். ஒரு பெரும் ஆராய்ச்சித் திட்டத்துக்கு இடம் முடிவாவதற்கு முன்பே, அந்தப் பிரதேசத்தில் அமரும் குழு ஒன்று வேண்டும். அதில் விஞ்ஞானிகளோடு நிலத்தடி நீரை அறிந்தவர்களும், காட்டை அறிந்தவர்களும், ஊராட்சிப் பிரதிநிதிகளும், பாசன விவசாயிகளும் வாக்குரிமையோடு இருக்கவேண்டும். மாநில எல்லை குறுக்கிடுமானால் இரு மாநிலத்தாரும் இருக்கவேண்டும். திட்டத்தை முன்வைக்கும் துறையும், பணம் தரும் துறையும், அதன் தகுதியைச் சீர்தூக்கும் சபையும் ஒரே நிர்வாகக் குடும்பமாக இருக்கும் வழக்கம் ஒழியவேண்டும். உறுப்பினர் ஒருவர் மாறுபட்டால் அவருடைய மாறுபாடும் அவருடைய காரணமும் அறிக்கையிலேயே அச்சாகவேண்டும்; ஒருமனதான சிபாரிசைக் காட்டிலும், ஒருவரேனும் மறுத்து, அம்மறுப்புக்குப் பதில் சொல்லப்பட்ட சிபாரிசின்மேல்தான் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. குழுவின் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் வெளியாகின்றன என்கிறார்கள். ஆம், ஆங்கிலத்தில் வெளியாகின்றன. சுற்றுச்சூழல் மதிப்பீட்டு விதிகளைத் திருத்தும் வரைவு 2020-இல் வந்தபோது, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் அதை வெளியிடும்படி டில்லி உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. மத்திய அரசு அதை ஏற்பதற்குப் பதிலாக எதிர்த்தது. தேனி மாவட்டத்து மலையைப் பற்றிய அறிக்கையைத் தேனி மாவட்டத்தார் படிக்க முடியாதென்றால், அவர்களிடம் சம்மதம் கேட்பதும் ஒன்றுதான், கேளாதிருப்பதும் ஒன்றுதான்.

இதனால் காலதாமதம் ஆகுமென்ற ஆட்சேபம் எழும். கருத்துக் கேட்பு இல்லாமல் வேகமாக நடத்தப்பட்ட திட்டம், 2002-இல் தொடங்கி இத்தனை ஆண்டுகளாகியும் மலையில் ஓர் அடியும் குடையாமல் நிற்கிறது. இதைவிட அதிக தாமதத்தை எந்தக் கிராம சபையும் உண்டாக்கியிராது.

மத்திய அணுசக்தித் துறையிடமும் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமும், தமிழக, கேரள அரசுகளிடமும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அம்பரப்பர் மலையைப் பற்றி இதுவரை கூடிய ஒவ்வொரு குழுவும் எழுதிய ஒவ்வொரு அறிக்கையையும், அவற்றுள் அடங்கிய நீர், பாறை, வனவிலங்கு ஆய்வுகளையும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, பொட்டிப்புரம் தொடங்கி வைகையின் நீரை நம்பியிருக்கும் ஐந்து மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்களிலும் பொது நூலகங்களிலும் வைக்கவேண்டும். அடுத்த திட்டம் எந்த மலைக்கு வந்தாலும், அதன் முதல் ஆலோசனைக் கூட்டம் அந்த மலையடிவாரத்து ஊரில் நடக்கட்டும்.